திருடன் ஓடுகிறான், இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது: மிச்சிகன் நிகழ்வு ஒன்றின் ஆய்வு

2015 அக்டோபர் 6, செவ்வாய்க்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கும் ஆபர்ன் ஹில்ஸ் என்ற ஊர். வீடு கட்ட, பழுதுபார்க்கத் தேவையான சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றின் பார்க்கிங் லாட்டில், சாமான் வாங்க வந்திருந்த ஒரு பெண் தன் கைத்துப்பாக்கியை எடுத்து, தப்பி ஓடிய திருடர்களின் காரை நோக்கிச் சுட்டார். குண்டு யார் மீதும் படவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் நீதிமன்றத்தில் நின்று தண்டனை வாங்கிக்கொண்டார்.

துப்பாக்கி பற்றிய விவாதங்களில் வழக்கமாக ஒரு சாவு இருக்கும். செத்தவர் யார், சுட்டவர் என்ன நிறம், எந்தக் கட்சி என்று பேச்சு உடனே திசை மாறிவிடும். இங்கே சாவு இல்லை, காயமும் இல்லை. நடந்தது என்ன என்பதிலும் பெரிய தகராறு இல்லை. திருட்டைப் பார்த்த ஒருவர், கையில் துப்பாக்கி இருக்கும்போது என்ன செய்யலாம் என்ற கேள்வியை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க முடிகிறது. இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

பின்னணி

மிச்சிகனில் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் வேண்டும். 2001 ஜூலைக்கு முன்பு, யாருக்குக் கொடுப்பது என்பது பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருந்த குழுவின் விருப்பம். அதற்குப் பிறகு சட்டம் மாறியது. தகுதி இருந்து, பயிற்சி முடித்து, குற்றப் பின்னணி இல்லாமல் விண்ணப்பித்தால் கொடுத்தே ஆக வேண்டும். பயிற்சி என்பது எட்டு மணி நேரம், அதில் குறைந்தது மூன்று மணி நேரம் சுடுதளத்தில். மிச்சமுள்ள ஐந்து மணி நேரத்துக்குள் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாள்வது, வீட்டில் பத்திரமாக வைப்பது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது, சட்டம் என எல்லாம் வந்தாக வேண்டும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பதுகளில் வயது. லைசென்ஸ் முறையாக வைத்திருந்தார். அன்று துப்பாக்கியோடு கடைக்குப் போனதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை.

கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கடைகளில் திருட்டைக் கண்காணிக்கவென்றே ஆட்கள் உண்டு. சீருடை போடாமல் வாடிக்கையாளர் மாதிரியே அலைவார்கள். டிராலியை நிரப்பிக்கொண்டு பணம் கட்டாமல் வாசலைத் தாண்டும் ஆளைப் பிடிப்பது இவர்கள் வேலை. ஆனால் துப்பாக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஓடுகிறவனைப் பார்க்கிங் லாட்டுக்கு வெளியே துரத்தாதே, அடிதடியில் இறங்காதே என்று இவர்களுக்குச் சொல்லி வைப்பதுதான் பெரிய கடைகளில் வழக்கம். போன சரக்குக்கு ஒரு விலை உண்டு, அதைக் கணக்கில் கழித்துவிடலாம். ஊழியருக்கோ வாடிக்கையாளருக்கோ அடிபட்டால் வரும் செலவு அப்படி அடங்காது. பல வருட அனுபவத்தில் கடைக்காரர்கள் போட்டுப் பார்த்த கணக்கு இது.

அன்று நடந்தது

இரண்டு பேர். ஒருவர் கடைக்குள் இருந்து சரக்கோடு வெளியே வந்தார், இன்னொருவர் அடர்நிற எஸ்யூவி ஒன்றில் காத்திருந்தார். சரக்கின் மதிப்பு ஏறத்தாழ ஆயிரம் டாலர். கடையின் கண்காணிப்பு ஊழியர் பின்னாலேயே ஓடிவந்தார். சரக்கோடு வந்தவர் காரில் ஏற, கார் கிளம்பியது.

பெண் அந்த நேரம் பார்க்கிங் லாட்டில் இருந்தார். ஒருவர் ஓடுவதும் இன்னொருவர் துரத்துவதும் அவர் கண்ணில் பட்டது. துப்பாக்கியை எடுத்தார். நகர்ந்துகொண்டிருந்த காரை நோக்கி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட்டார். டயரைக் குறி வைத்ததாகப் பின்னர் சொல்லப்பட்டது. கார் நிற்காமல் போய்விட்டது.

அவர் ஓடிப்போகவில்லை. போலீஸ் வரும்வரை அங்கேயே இருந்து, நடந்ததைச் சொல்லி ஒத்துழைத்தார். அவர் அன்று எடுத்த முடிவுகளில் சரியானது எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வேன்.

பார்த்ததும் பார்க்காததும்

அவர் கண்ணால் பார்த்தது ஓட்டம். திருட்டு நடந்தது கடைக்குள்ளே. அதை அவர் பார்க்கவில்லை. கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் இந்த நிகழ்வின் முடிச்சே இதில் இருக்கிறது.

ஓடும் மனிதன், துரத்தும் மனிதன், கத்தல், கிளம்பும் கார். இந்த நாலு துண்டை வைத்து எத்தனை கதை கட்டலாம் என்று எண்ணிப் பாருங்கள். கடையில் திருடிவிட்டு ஓடுகிறார்கள் என்பது ஒன்று. உள்ளே யாரையோ குத்திவிட்டு ஓடுகிறார்கள் என்றும் இருக்கலாம். விவாகரத்தான பெற்றோர் பிள்ளைக்காகச் சண்டை போடுகிறார்கள், துரத்துகிறவர்தான் அடிக்க வருகிறவர், ஓடுகிறவர் உயிர் தப்பப் பார்க்கிறார் என்றும் இருக்கலாம். சீருடை இல்லாத கண்காணிப்பு ஊழியரைத் தூரத்திலிருந்து பார்த்தால் கடை ஆள் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தப் பெண் ஊகித்தது சரியாகவே இருந்தது, உண்மையிலேயே திருடர்கள்தான். ஆனால் ஊகம் சரியாக அமைந்தது அவர் திறமையால் அல்ல. இந்த இடத்தில் அவர் மீது எனக்குக் கோபத்தைவிடப் பரிவுதான் வருகிறது. நம் மூளை துண்டுகளைப் பார்த்ததும் கதையை முடித்துக் கொடுத்துவிடும், அதுவும் நொடிப் பொழுதில். கையில் துப்பாக்கி இல்லாதவருக்கு அந்தக் கதை தப்பாகப் போனாலும் அசடு வழிவதோடு போய்விடும்.

இன்னொன்றையும் அவர் பார்த்திருக்க முடியாது. காருக்குள் யார்? பின் சீட்டில் குழந்தை இருந்திருந்தால்? அன்று இல்லை. சுடும்போது அது அவருக்குத் தெரியாது.

டயரைச் சுடுவது

சினிமாவில் டயரைச் சுட்டால் கார் சுழன்று ஓரமாக நின்றுவிடும். நிஜத்தில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

நகரும் காரின் டயர் என்பது தரையோடு ஒட்டி உருளும், பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கும் ஒரு கறுப்பு வளையம். கை நீட்டிச் சுடும்போது குண்டு கீழ்நோக்கி, தரையை ஒட்டிப் போகும். டயரில் பட்டால் சரி. படாவிட்டால் தார்த்தரை. தாரிலும் கான்கிரீட்டிலும் சரிவாகப் பட்ட குண்டு உள்ளே புதையாது, தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு மேலே பறக்கும். பார்க்கிங் லாட்டில் அந்த உயரத்தில் என்ன இருக்கும்? மனிதர்களின் முழங்கால், டிராலியில் உட்கார வைத்த பிள்ளையின் கால், பக்கத்துக் காரின் கதவு. டயரிலேயே பட்டாலும் இன்றைய டியூப்லெஸ் டயர் வெடித்துச் சிதறுவதில்லை. காற்று மெல்ல இறங்கும், கார் அதற்குள் கணிசமான தூரம் போய்விடும். அப்படிப் போகிற கார் முன்பைவிட அடங்காத கார்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நகரும் வாகனத்தை நோக்கிச் சுடுவதற்கு நியூயார்க் நகரப் போலீஸ் 1972இலேயே தடை போட்டது. காரைத் தவிர வேறு ஆயுதத்தால் உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் விலக்கு. தினமும் துப்பாக்கி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு.

சுடுதளத்தில் முதல் நாளே சொல்லித் தரும் விதிகளில் ஒன்று: குறியும் தெரிய வேண்டும், குறிக்குப் பின்னால் இருப்பதும் தெரிய வேண்டும். தளத்தில் பின்னால் மண்மேடு இருக்கும், அதனால் அந்த விதியின் கனம் அங்கே உறைப்பதில்லை. வேலை நாள் பிற்பகலில் இப்படியொரு கடையின் வாசலை நினைத்துப் பாருங்கள். பிக்கப் வண்டியில் பலகை ஏற்றும் தச்சர், பெயின்ட் டப்பாவோடு தள்ளாடும் வயதானவர், காலி டிராலிகளைச் சங்கிலி போல் கோத்துத் தள்ளும் பையன். இவர்கள்தான் அங்கே மண்மேடு.

சட்டம் எங்கே நின்றது

2006 அக்டோபர் 1 முதல் மிச்சிகனில் தற்காப்புச் சட்டம் ஒன்று அமலில் இருக்கிறது. தனக்கோ பிறருக்கோ உடனடிச் சாவு, பெருங்காயம், பாலியல் தாக்குதல் இவற்றில் ஒன்று நேரப்போகிறது என்று நேர்மையாகவும் நியாயமாகவும் நம்பினால், உயிர் போகக்கூடிய பலத்தைப் பயன்படுத்தலாம். சட்டப்படி இருக்க உரிமையுள்ள இடத்தில் இருப்பவர் பின்வாங்கி ஓடவும் வேண்டியதில்லை. பிறரைக் காக்கவும் இடமிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கார் கண்காணிப்பு ஊழியர் மீது ஏற்றுவதற்காகத் திரும்பியிருந்தால் வழக்கே வேறு. ஆனால் சாமானைக் காப்பது அந்தப் பட்டியலில் இல்லை. கார் விலகிப் போய்க்கொண்டிருந்தது.

சரி, தப்பி ஓடும் குற்றவாளியைத் தடுக்கச் சுடலாம் என்று பழைய வழக்கு ஏதோ உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பழைய பொதுச் சட்டத்தில், பெருங்குற்றம் செய்துவிட்டு ஓடுகிறவனை வேறு வழியில் நிறுத்த முடியாவிட்டால் கொன்றும் நிறுத்தலாம் என்று ஒரு விதி இருந்தது. மெம்பிஸ் நகரில் 1974இல் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறிக் குதிக்கப் போன பதினைந்து வயதுப் பையனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். பையனிடம் இருந்தது பத்து டாலரும் ஒரு கைப்பையும். அந்த வழக்கில் 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓடுகிறவர் மற்றவர்களுக்கு ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இல்லாவிட்டால் போலீஸ் அவரைச் சுடக்கூடாது என்றது. ஆனால் அது போலீஸுக்கான தீர்ப்பு. 1990இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது, தன் காருக்குள் புகுந்தவனைச் சுட்டுக் கொன்ற தனிமனிதரைப் பற்றியது. 1985 தீர்ப்பு தனிமனிதர் மீதான மாநிலக் குற்றவியல் சட்டத்தைத் தானாக மாற்றிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதாவது, பழைய விதி தனிமனிதர் விஷயத்தில் செத்துப்போகவில்லை.

இதைக் கேட்டவுடன் சிலர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அவசரப்பட வேண்டாம். அந்த விதிக்குள் நுழைய வேண்டுமானால், நடந்தது உண்மையிலேயே பெருங்குற்றமாக இருக்க வேண்டும். அப்படி நம்பினேன் என்பது போதாது. மிச்சிகனில் கடைத் திருட்டு பெருங்குற்றமா சிறு குற்றமா என்பதைப் பெரும்பாலும் விலை தீர்மானிக்கிறது. ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் என்றால் முதல் நிலை, ஐந்து ஆண்டு வரை சிறை. அதற்குக் கீழே இறங்கினால் சிறு குற்றம். பார்க்கிங் லாட்டில் நிற்கும் ஒருவர், ஓடுகிறவன் கையில் இருக்கும் பெட்டியின் மேல் ஒட்டிய விலைச் சீட்டைப் படித்துக் கூட்டிப் பார்த்துவிட்டா சுடப் போகிறார்? அன்று போன சரக்கு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. 999 டாலரா 1,001 டாலரா என்பதில் தன் வாழ்க்கையைக் கட்டி வைக்கும் விதியை நம்பி யாரும் துப்பாக்கி எடுக்கலாகாது என்பது என் தீர்மானமான கருத்து.

அரசுத் தரப்பு இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. அவர் மீது கொலை முயற்சி, தாக்குதல் என்று எதுவும் போடவில்லை. பிறருடைய பாதுகாப்பைக் கருதாமல் பொறுப்பின்றித் துப்பாக்கியைப் பிரயோகித்தது என்ற சிறு குற்றம், அவ்வளவுதான். அதிகபட்சம் 90 நாள் சிறை. இந்தப் பிரிவில் திருடர்கள் செய்தது என்ன என்ற கேள்விக்கே அதிகம் வேலையில்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அத்தனை பேர் நடுவே சுட்டாயா, சுற்றி இருந்தவர்களைப் பற்றி யோசித்தாயா? கேள்வி அதுதான்.

அடுத்து வந்தவை

செய்தி நாடெங்கும் பரவியது. துப்பாக்கி உரிமைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களில் பலரே இவரைக் கண்டித்தார்கள், எங்கள் பெயரைக் கெடுக்காதே என்ற தொனியில். பயிற்சியாளர்கள் பலர் தங்கள் வகுப்புகளில் இதைச் செய்யக்கூடாததற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில் அவர், அது நொடியில் எடுத்த முடிவு, சரியான முடிவாக இல்லாமல் இருக்கலாம், உதவத்தான் நினைத்தேன் என்றார். பிறகு வழக்கை எதிர்த்து நடத்தாமல், ‘நோ கான்டெஸ்ட்’ என்ற வகையில் முடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை, தண்டனையை மட்டும் ஏற்றுக்கொள்வது. பின்னால் யாராவது நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டால் இதை ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்ட முடியாது என்பதால் வக்கீல்கள் விரும்பும் வழி இது. 2015 டிசம்பரில் தண்டனை வந்தது. சிறை இல்லை, 18 மாதம் நீதிமன்றக் கண்காணிப்பு. துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ் போனது.

திருடர்களும் பிறகு போலீஸிடம் சிக்கினார்கள்.

தண்டனைக்குப் பிறகு அந்தப் பெண், இனி யாருக்கும் உதவப் போவதில்லை என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னார். சொன்னது வேதனையில் என்று புரிகிறது. ஆனாலும் அந்தப் பேச்சில் உதவி என்ற சொல்லுக்குச் சுடுவது என்று மட்டுமே பொருள் இருந்தது. வண்டி எண்ணைக் குறித்துக் கொடுத்திருந்தால் அதுவும் உதவிதான். கண்காணிப்பு ஊழியர் பக்கத்தில் போய், நான் பார்த்தேன், சாட்சி சொல்கிறேன் என்று நின்றிருந்தாலும் உதவிதான். இதற்கெல்லாம் எந்த நீதிமன்றமும் அவரைக் கூப்பிட்டிருக்காது, சாட்சிக் கூண்டுக்குத் தவிர.

டெக்சாஸில் என்றால்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். டெக்சாஸ் சட்டம் வேறு மாதிரி. வீடு புகுந்து திருடுதல், கொள்ளை, இரவு நேரத் திருட்டு போன்றவற்றைத் தடுக்க, சில நிபந்தனைகளோடு உயிர் போகும் பலத்தையும் பயன்படுத்தலாம். பிறர் சொத்தைக் காக்கவும் வழி உண்டு.

2007 நவம்பர் 14. ஹூஸ்டனை ஒட்டிய பசடீனாவில், அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் ஜன்னலை உடைத்துப் புகுவதைப் பார்த்தார். முதலில் செய்தது சரிதான், அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார். பேசியவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: வெளியே போகாதீர்கள், போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, ஒரு சாமானுக்காக உயிரை எடுக்கத் தேவையில்லை. இவரோ செப்டம்பரில் சட்டம் மாறிவிட்டது என்று போனிலேயே எடுத்துச் சொன்னார். லைனைத் துண்டிக்காமலே ஷாட்கன்னோடு வெளியே போனார். இரண்டு பேரும் செத்தார்கள். சாதாரண உடையில் இருந்த ஒரு துப்பறியும் போலீஸ்காரர் அதற்குள் வந்து சேர்ந்து, சுடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டார். வர வேண்டிய உதவி வாசலுக்கே வந்திருந்தது. 2008 ஜூன் 30 அன்று கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழு, அவர் மீது வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று முடிவு செய்தது.

சட்டப்படி அவர் தப்பினார். இடையில் ஏழரை மாதம், வீட்டு வாசலில் போராட்டம், ஊரெங்கும் ஒலித்த அந்த 911 பதிவு. இரண்டு உயிர் போயிருந்தது. இதை நியாயம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதில் சேர மாட்டேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: ஒரே செயல் மாநில எல்லையைத் தாண்டினால் வேறு பெயர் பெறுகிறது. டெக்சாஸ் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் மிச்சிகனில் அதை நம்பி நடந்தால் சிக்கல்தான்.

துப்பாக்கியோடு நிற்பவர் யாருக்கு என்னவாகத் தெரிகிறார்

மிச்சிகன் நிகழ்வுக்குக் கொஞ்சம் முன்னால், அதே 2015 செப்டம்பர் கடைசியில், ஹூஸ்டனில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இரண்டு பேர் ஒருவரை அடித்துக் காரைப் பிடுங்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கார் திருடர்களை நோக்கிச் சுட்டார். குண்டு கார்க்காரரின் தலையில் பட்டது. சுட்டவர் தரையில் விழுந்த தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டு மறைந்துவிட்டார். கார்க்காரர் பிழைத்தார். அங்கே நடந்தது வெறும் திருட்டு அல்ல, வன்முறை. அதனால் தலையிட நியாயம் அதிகம் இருந்தது. ஆனாலும் கைகலப்பில் இருக்கும் மூன்று பேரில் ஒருவரை மட்டும் சுடுவது என்பது என்ன என்பதை அந்த ஒரு குண்டு காட்டிவிட்டது.

2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் ஆர்வாடா நகரில் நடந்தது இன்னும் கொடுமை. ஒருவன் போலீஸ் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். பக்கத்துக் கடையில் இருந்த ஒரு சாதாரண மனிதர் தன் கைத்துப்பாக்கியோடு ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். நாடே பாராட்டியிருக்க வேண்டிய செயல். பிறகு அவர் கொலைகாரனின் ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்த நொடியில் அங்கு வந்த வேறொரு போலீஸ்காரர், ரைஃபிளோடு நிற்கும் ஆளைப் பார்த்து, கொலைகாரன் என்று நினைத்து அவரைச் சுட்டுக் கொன்றார். அந்தப் போலீஸ்காரர் மீது வழக்கு வரவில்லை.

உயிர்களைக் காக்கத் துணிந்தவருக்கே அந்த முடிவு. ஆபர்ன் ஹில்ஸ் பார்க்கிங் லாட்டில் இன்னொருவரும் இடுப்பில் துப்பாக்கியோடு இருந்திருந்தால், டிராலிகளுக்கு நடுவே சுட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அவர் யார் என்று நினைத்திருப்பார்?

நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை

டெட்ராய்ட்டைச் சுற்றி, டிராய், நோவாய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கார் கம்பெனிகளின் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். அவர்களில் துப்பாக்கி வாங்குகிறவர்களும் உண்டு. குடியுரிமை இருந்தால் ஒரு கணக்கு, கிரீன் கார்டு என்றால் வேறு கணக்கு.

கிரீன் கார்டு உள்ளவர் மிச்சிகனில் லைசென்ஸ் கேட்க முடியும். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதற்கே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர. அடுத்தது முக்கியம். சட்டத்தை மீறித் துப்பாக்கியைப் பயன்படுத்தினார் என்று தண்டிக்கப்பட்ட வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. குற்றம் பெரிதா சிறிதா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. அந்தப் பெண் பெற்றது 18 மாதக் கண்காணிப்பு. அதே நாள், அதே இடம், அதே குண்டு, சுட்டவர் கிரீன் கார்டில் இருக்கும் நம் அண்ணாச்சி என்றால், அதற்குப் பிறகு குடியேற்ற வக்கீல், விசாரணை, பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு எங்கே என்ற கேள்வி வரை போகும். ‘நோ கான்டெஸ்ட்’ என்று முடித்தாலும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். குற்றவியல் வக்கீல் நல்ல ஒப்பந்தம் என்று சொல்வது குடியேற்ற வக்கீலின் மேசையில் வேறு மாதிரித் தெரியும்.

என்ன மாறியிருக்க வேண்டும்

அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று, நொடி நொடியாகப் போய்ப் பார்க்கலாம்.

ஓட்டம் கண்ணில் படுகிறது. முதலில் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே, முடிந்தால் எஞ்சின் இருக்கும் பக்கமாக. கதவுத் தகடு குண்டைத் தடுக்காது, எஞ்சின் தடுக்கும். கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் அந்த மறைவுக்குள் போக வேண்டும். கை துப்பாக்கிப் பக்கம் போகாமல் போனைத் தேட வேண்டும். கண் ஆளின் முகத்தைவிட வண்டியின் பின்பக்கத்துக்குப் போக வேண்டும். முகம் மறந்துபோகும், நினைவு முகத்தை மாற்றியும் காட்டும். எண் மாறாது. எண் முழுதும் கிடைக்காவிட்டால் முதல் மூன்று எழுத்து, வண்டியின் நிறம், பம்பரில் இருக்கும் நசுங்கல், எந்தத் தெருப் பக்கம் திரும்பியது. இவற்றை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே 911ஐ அழைத்தால், அந்தப் பதிவிலேயே எல்லாம் ஏறிவிடும்.

துப்பாக்கி எப்போது? கார் ஒருவர் மீது பாய்ந்தால், கத்தி வெளியே வந்தால், யாரோ ஒருவர் உயிருக்குப் போராடும் நிலை வந்தால். அதுவரை அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மிரட்டுவதற்காக எடுத்துக் காட்டுவதும் எடுப்பதுதான். திருடனிடம் ஆயுதம் இருந்து, இவர் எடுத்ததைப் பார்த்து அவனும் எடுத்தால், ஆயிரம் டாலர் சரக்கு விவகாரம் அந்த இடத்திலேயே துப்பாக்கிச் சண்டை ஆகிவிடும்.

போலீஸ் வந்ததும் கைகள் தெரியும்படி நிற்க வேண்டும். மிச்சிகனில் லைசென்ஸ் உள்ளவர், போலீஸ் நிறுத்திப் பேசும்போது தன்னிடம் துப்பாக்கி இருப்பதை உடனே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போது கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இனி, அந்த எட்டு மணி நேரக் கணக்கு. மூன்று மணி நேரம் சுடக் கற்றுக்கொடுக்கிறார்கள், அசையாத காகிதத்தை. மிச்ச நேரத்தில் சட்டம் வரும், கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். சுடாமல் இருப்பதற்கு உடம்பைப் பழக்கும் பயிற்சி அதில் கட்டாயம் இல்லை. நொடியில் முடிவு எடுத்தேன் என்று அந்தப் பெண் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் கை எங்கே போகும் என்பது அந்த நொடிக்கு வெகு முன்னாலேயே, பழகிய பழக்கத்தில் முடிவாகிவிடுகிறது. அவர் பழகியிருந்தது காகிதக் குறியில்.

ஆகவே நான் பயிற்சியாளராக இருந்தால், சுடுதளத்துக்குப் போகும் முன் மாணவர்களை ஒரு பெரிய கடையின் பார்க்கிங் லாட்டுக்குக் கூட்டிப்போவேன். ஆயுதம் எதுவும் இல்லாமல். ஒரு கார் கிளம்பிப் போகும். அது திருப்பத்தைத் தாண்டியதும் கேட்பேன்: எண் என்ன, எத்தனை பேர் உள்ளே, பின்னால் நின்றது யார். இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை தோட்டாப் பெட்டி என் வண்டியின் டிக்கியிலேயே இருக்கும்.